பக்கத்து வீட்டுச் சூடு

எங்கள் தெரெக்-சூ மலைக்கிராமத்தில் யாராவது புது வீடு கட்டினால், கூரை போடுவதற்கு முன்பே புருல்கானைக் கூப்பிட்டுவிடுவார்கள். பாய்லரை எந்த மூலையில் வைப்பது, எத்தனை ரேடியேட்டர் போதும், புகைக்குழாய் எவ்வளவு உயரம் என்று அவள் வந்து சொல்ல வேண்டும். அவள் எஞ்சினியர் இல்லை. பள்ளிக்கூடத்து பாய்லர் அறையில் பதினாலு குளிர்காலமாக நிலக்கரி அள்ளிப் போடுகிறவள். நான் அதே பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேரும் சிறு வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சூட்டைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததை அவள் கையால் தெரிந்துவைத்திருந்தாள்.

கேஸ் குழாய் கணவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அவரவர் பாட்டை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் புருல்கானின் வீடுதான் தெருவிலேயே சூடான வீடு. வெளியே மைனஸ் முப்பது இருக்கும்போதும் அவள் வீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உட்கார முடியும். எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். ஜனவரி, பிப்ரவரி முறை யாருடையதாக இருந்தாலும் கூட்டம் அவள் வீட்டில்தான். நாங்கள் வியர்த்துக்கொண்டு டீ குடிப்போம். அவள் கையில் நிலக்கரிக் கரண்டியோடு வந்து, "இன்னும் ஒரு அள்ளு போடட்டுமா, இல்ல இப்படியே தாங்குவீங்களா?" என்பாள். கேட்கும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

அந்தப் பெருமைக்கு வந்தது ஆபத்து. அதன் பெயர் குந்தூஸ்.

குந்தூஸ் அவளுடைய ஓரகத்தி. புருல்கானின் கணவன் எசென். அவன் தம்பி தலந்த். தம்பியும் அவன் மனைவி குந்தூஸும் ஏழு வருஷம் ருஷ்யாவில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் வசந்தத்தில் திரும்பினார்கள். அண்ணன் வீட்டு முற்றத்திலேயே எதிர்ப் பக்கமாக வீடு கட்டத் தொடங்கினார்கள். குந்தூஸுக்கு முப்பத்திரண்டு வயது. தையல் வேலை தெரிந்தவள், அதிகம் பேசமாட்டாள், பேசினால் நறுக்கென்று பேசுவாள்.

சுவர் எழும்பியதும் அவளே புருல்கானிடம் வந்தாள். நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்குச் சூட்டுக்கு என்ன வைக்கலாம், சொல்லுங்க."

புருல்கான் இரண்டு டீப்பாத்திரம் தீரும்வரை சொன்னாள். கேஸ் சிலிண்டர் வேண்டாம், மைனஸ் முப்பதில் சிலிண்டருக்குள்ளேயே கேஸ் விறைத்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். மரத்தூள் கட்டியில் ஓடுகிற பாய்லர் நல்லதுதான், ஆனால் அந்தக் கட்டியை இந்த ஊருக்கு யார் கொண்டுவருவது? முழுக்கக் கரண்டில் ஓடுகிற பாய்லர் என்றால் டிசம்பரில் வோல்டேஜ் இறங்கும்போது அழ வேண்டியதுதான். ஒரு முறை நிரப்பினால் ஒரு நாள் எரிகிற நிலக்கரி பாய்லர் இப்போது வருகிறது, அதைத்தான் வைக்க வேண்டும். குந்தூஸ் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். "ரொம்ப நன்றிக்கா" என்று நோட்டை மூடினாள்.

ஆகஸ்டில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி, குந்தூஸ் வீட்டு முற்றத்துப் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். முன்பக்கம் பெரிய விசிறி. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்குமாம். அந்தத் தண்ணீர் தரைக்கு அடியில் பதித்த குழாயில் ஓடுமாம். வெப்பப் பம்பு என்றார்கள். ஊரே வந்து பார்த்தது. புருல்கான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"குளிர்காத்துல சூடு எங்கேருந்து வரும்? ஃப்ரிட்ஜைத் திருப்பி வச்சிருக்கா, அவ்வளவுதான்" என்றாள் என்னிடம்.

"ஃப்ரிட்ஜைத் திருப்பி வச்ச மாதிரிதான் புருல். அதான் அதோட வேலையே" என்று நான் விளக்கப் போனேன்.

"நீ ஒண்ணும் பாடம் எடுக்க வேணாம்." வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "என்னைக் கேட்டாளே, பாரு. எதுக்குக் கேட்டா? பக்கம் பக்கமா எழுதிக்கிட்டா. எழுதிக்கிட்டுப் போய் நான் சொல்லாத ஒண்ணைச் செஞ்சிருக்கா" என்றாள்.

அவள் மனதில் முதல் முள் குத்தியது அன்றைக்குத்தான். பெட்டி வந்ததால் அல்ல, தன்னைக் கேட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்ததால்.

அந்தப் பெட்டி ஓடாது என்று அவள் எதிர்பார்த்தாள். அக்டோபரில் முதல் பனி விழுந்தது, ஓடியது. நவம்பரில் ஆற்றோரம் உறைந்தது, அப்போதும் ஓடியது. குந்தூஸ் வீட்டுக்குப் போனவர்கள் செருப்பை மட்டுமல்ல, காலுறையையும் கழற்றிவிட்டுத் தரையில் கால் பதித்து நின்றுகொண்டே பேசினார்கள். ஜன்னலில் வெள்ளைத் திரைச்சீலை. எங்கள் ஊரில் வெள்ளைத் திரைச்சீலை போட்டால் டிசம்பருக்குள் அது சாம்பல் நிறமாகிவிடும். குந்தூஸுடையது வெள்ளையாகவே இருந்தது. புருல்கான் ஒவ்வொரு வசந்தத்திலும் மேல்கூரையிலிருந்து கரியைத் தேய்த்துக் கழுவுகிறவள். அவள் உள்ளங்கை ரேகைக்குள் போன கறுப்பு எந்தச் சோப்புக்கும் வராது. இப்போது அவள் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

எசென் மாலையில் தம்பி வீட்டுக்குக் குத்துச்சண்டை பார்க்கப் போவான். "கால் எப்படி இருக்கு?" என்று திரும்பி வந்தவனைக் கேட்பாள்.

"ஏன், என் காலுக்கு என்ன?"

"சூடா இருக்கான்னு கேட்டேன். இங்க இருக்கறப்ப இவ்வளவு செவப்பா இருந்ததில்லையே."

"அட போம்மா. மனுஷன் டிவி பாக்கப் போனா காலையும் பரிசோதிப்பியா?"

நவம்பர் கடைசியில் எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி வாய்தவறிச் சொன்னாள், ஜனவரிக் கூட்டத்தைக் குந்தூஸ் வீட்டில் வைத்துக்கொண்டால் குழந்தைகள் தரையில் விளையாடலாமே என்று. யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. புருல்கான் டீயை ஊற்றிக்கொண்டே, "வச்சிக்கங்க, நானும் வர்றேன். ஃப்ரிட்ஜுக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்ல" என்றாள். எல்லாரும் சிரித்தோம், அவளைத் தவிர.

இந்த நேரம் பார்த்து அவள் பழைய பாய்லர் அடிப்பாகம் ஓட்டையாகி ஒழுகத் தொடங்கியது. எப்படியும் மாற்றியாக வேண்டும். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் இப்போது தனக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஒரு நாள் எரிகிற நிலக்கரி பாய்லர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது சுவரில் பளபளவென்று ஒரு மின்சார பாய்லர் தொங்கியது. குந்தூஸுடைய பெட்டியைவிட மூன்று மடங்கு கரண்ட் இழுப்பது. அதற்காக ஒரு பெண் குதிரையை விற்றிருந்தார்கள். பழைய பாய்லரையும் சமையல் அடுப்பையும் இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். ஜன்னலில் புது வெள்ளைத் திரைச்சீலை.

நான் எசெனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"புருல், டிசம்பர்ல வோல்டேஜ் இறங்குமே. நீதானே சொல்லுவே, அழ வேண்டியதுதான்னு."

"எல்லாருக்குமா இறங்கும்?"

"எல்லாருக்கும்தான். ஒரே டிரான்ஸ்பார்மர்."

"அவளுக்கு மட்டும் இறங்காதா?"

"அவங்க ஸ்டெபிலைசர் வச்சிருக்காங்க. அதோட அவ பெட்டி கொஞ்சமாத்தான் இழுக்குது."

"சரி வாத்தியாரம்மா. பரீட்சை முடிஞ்சிதா? டீ குடி."

அவளுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. தெரிந்தேதான் செய்தாள். பொறாமை அவள் அறிவை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டது.

டிசம்பர் பத்தாம் தேதிக்குப் பிறகு ஊரில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போட்டார்கள். பல்பு மஞ்சளாயிற்று. வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசிதான் கிடைக்கும், இதை நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புருல்கான் வீட்டு ரேடியேட்டர் காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குக்கூடச் சுடவில்லை. எசென் தொப்பியோடு சாப்பிட்டான். அவள் மகள் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். "அங்க வெளிச்சம் நல்லா இருக்கும்மா" என்றாளாம்.

புருல்கான் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஷிப்ட் முடிந்த பிறகும் பள்ளிக்கூடத்து பாய்லர் அறையிலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள், துணிக்குப் பொத்தான் தைத்தாள். நான் எட்டிப் பார்த்தால், "இந்தப் பம்பு ஒரு மாதிரி சத்தம் போடுது, அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சூடு கொடுக்கிறவள் தன் வீட்டுக்குப் போக பயந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜனவரியில் குந்தூஸின் தம்பிக்குக் கோச்கோரில் கல்யாணம். குடும்பத்தோடு இரண்டு நாள் போக வேண்டும். எசெனும் மகளும் போனார்கள். புருல்கான் வேலையைச் சாக்குச் சொல்லி நின்றுகொண்டாள். கிளம்பும்போது குந்தூஸ் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, கரண்ட் போனா மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. தரைக்குள்ள இருக்கிற தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு நாள் தாங்கும். வெளிப்பெட்டிக்குப் போற தண்ணிதான் உறைஞ்சா உள்ள எல்லாம் வெடிச்சிடும். வீட்டுக்குள்ள சுவரோரமா இருக்கிற குழாயைத் திறந்து விட்டுட்டா போதும். உங்களுக்கு நான் சொல்லணுமா."

"தெரியும், போ" என்றாள் புருல்கான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. அவள் கோட்டும் கம்பளிச் சால்வையுமாகத் தன் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். சாவி மேசை மேல் இருந்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வெள்ளைப் பெட்டி தெரிந்தது. விசிறி மெதுவாகி நின்றதை அவள் பார்த்தாள்.

இதன் பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் போகலாம் என்று நினைத்தாள். பிறகு, கரண்ட் வந்தாலும் வந்துவிடும் என்று நினைத்தாள். பிறகு எதையும் நினைக்கவில்லை. நின்றுபோன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அப்ப குளிரவே இல்லடி. உள்ளுக்குள்ள இனிப்பா இருந்துச்சு. ரெண்டு மாசமா அந்த மாதிரி நிம்மதியா நான் உக்காந்ததே இல்ல" என்றாள் என்னிடம்.

மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு இழுபடுகிற சின்னச் சத்தம். வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. பதினாலு வருஷமாகக் குழாயோடு வாழ்ந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். தண்ணீர் இறுகத் தொடங்குகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குந்தூஸ் யார், தான் யார் என்பதெல்லாம் போய்விட்டது, உடம்பு தானாக எழுந்தது என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். குழாயைத் திறந்தாள். ஐஸ் துண்டுகளோடு ஒரு டம்ளர் தண்ணீர் சொட்டிற்று, அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டும். வெந்நீருக்குத் தன் வீட்டுக்கு ஓடினாள். சமையலறை நடுவில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வீட்டில் அடுப்பு இல்லை. நெருப்பு என்று ஒன்று அந்த வீட்டிலேயே இல்லை.

என் கதவை அவள் தட்டியபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஸ்லெட்ஜ் இருக்கா? பால் கேன் இருக்கா? எடு. கேள்வி கேக்காத."

என் அடுப்பில் அவ்வளவு தண்ணீர் காய மாலையாகிவிடும். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. பாய்லர் அறையில் அன்றைக்கு வேறு ஆள். அவனை ஒரு வார்த்தை பேசவிடாமல் இரண்டு கேன் கொதிக்கிற தண்ணீர் பிடித்தாள். பனியில் சறுக்குகிற ஸ்லெட்ஜ் பலகையில் கட்டி இரண்டு பேரும் இழுத்தோம். வழியில், "காலையிலயே போயிருக்கணும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணிமையில் பனி பிடித்திருந்தது.

நாலு முறை போய் வந்தோம். கந்தலைக் குழாயில் சுற்றி, மேலே மெதுவாக வெந்நீர் விட்டாள். ஒரே இடத்தில் ஊற்றாமல், முனையிலிருந்து உள்நோக்கி, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. கையுறை நனைந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் செய்தாள். ஒரு கட்டத்தில் பெட்டிக்குள் ஏதோ கழன்றுவிழுந்த மாதிரி சத்தம் கேட்டது. தண்ணீர் கொளகொளவென்று வெளியே வந்தது. கடைசிச் சொட்டுவரை வடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். பெட்டி பிழைத்துவிட்டது. வெளிக்குழாய் இணைப்பு ஒன்றில் மட்டும் மயிரிழை விரிசல்.

மறுநாள் திரும்பி வந்த குந்தூஸ் நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வாரக் கடைசியில் பெண்கள் கூட்டம் அவள் வீட்டில்தான். எல்லார் முன்னாலும் புருல்கானின் தோளில் பெரிய சால்வை ஒன்றைப் போர்த்தி, "எங்க அக்கா இல்லேன்னா இந்தத் தரை இன்னிக்குச் சுடாது" என்றாள். குந்தூஸ் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் புருல்கானின் கொப்பளித்த கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அவள் தட்டில் வைத்த போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் ஒதுங்க வைக்க நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். புருல்கான் சால்வையை மடித்து மேசை மேல் வைத்தாள்.

"இதை நான் எடுத்துக்க முடியாது."

"ஏன்க்கா, கலர் பிடிக்கலையா?"

"கரண்ட் பதினோரு மணிக்குப் போச்சு. நான் ரெண்டு மணிக்கு வந்தேன்."

"தெரியாம இருந்திருக்கும். தூங்கியிருப்பீங்க."

"தூங்கல. விசிறி நின்னதைப் பாத்தேன். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

குந்தூஸ் கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தாள். அடுத்த தட்டை எடுத்தாள். அதையும் துடைத்தாள்.

"வெடிக்கட்டும்னா?"

"ஆமா."

"நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

புருல்கான் சால்வையின் ஓரத்தை நீவினாள். "என்னைக் கேட்டே. கேட்டுட்டு வேற செஞ்சே. அது நல்லாவும் ஓடுது" என்றாள்.

"உங்களைக் கேக்காம வச்சிருந்தா மரியாதை இல்லன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும்?"

புருல்கான் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். குந்தூஸ் சாவியை வாங்கிக்கொண்டாள். கதவுவரை வந்து எங்களை அனுப்பவில்லை.

அதற்கு அப்புறம் இரண்டு மாதம் அந்த முற்றத்தில் ஓரகத்திகள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பிக்குக் காரணம் தெரியாது. அவர்களிடம் பெண்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான். அதைக் குந்தூஸின் பெருந்தன்மை என்றுதான் சொல்வேன். அவள் நினைத்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். புருல்கான் எசெனிடம், "நான் தப்பா வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம். அவன், "தெரியும்" என்றானாம். அடுத்த வாரமே ஒரு நாள் எரிகிற நிலக்கரி பாய்லரை நரின் நகரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள். வெள்ளைத் திரைச்சீலையை அவளே கழற்றிவிட்டுப் பழுப்பு நிறத்தில் ஒன்று மாட்டினாள்.

மார்ச் கடைசியில், தெருவில் பனி இளகிச் சேறாகியிருந்த ஒரு நாள், குந்தூஸ் பாய்லர் அறைக்கே வந்துவிட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"கரண்ட் போனா என்ன செய்யறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன்" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு தடவையும் ஆளை நம்பிக்கிட்டு இருக்க முடியாது."

"முடியாது" என்றாள் புருல்கான்.

"சின்னதா ஒரு நிலக்கரி அடுப்பு வச்சி அதே குழாயில இணைக்க முடியுமா?"

புருல்கான் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "முடியும். ஆனா பம்பு இல்லாமத் தரையில தண்ணி ஓடாது. அதுக்கு ஒரு பேட்டரி வேணும். வெளிப்பெட்டிக்குத் தண்ணியே போகாம உறையாத திரவம் ஊத்திடணும். ஆகஸ்ட்லயே செஞ்சிருக்கணும். எனக்கும் அப்ப தெரியாது" என்றாள். கடைசி மூன்று வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த வாரம் இருவரும் ஒரே டாக்சியில் நரின் பஜாருக்குப் போனார்கள். அடுப்பு, குழாய், பேட்டரி எல்லாம் வாங்கி வந்தார்கள். மறுநாள் புருல்கானிடம் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். உலையில் இரண்டு கரண்டி கரி அள்ளிப் போட்டாள்.

"அவ கடைக்காரன்கிட்ட எப்படிப் பேசறா தெரியுமா. சத்தமே இல்ல. ரெண்டே வார்த்தை. அவன் விலையில இறங்கி வந்துட்டான். நான் இருபது வருஷமா அதே பஜார்ல தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன்." உலைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். "வயிறு எரியுதுடி. ஆனா கிட்டவே நின்னு பாத்துக்கிட்டேன். அடுத்த தடவை நானும் அப்படித்தான் பேசப் போறேன்."